கல்லச்சும் காலண்டரும்

பரளச்சி, திருச்சுழிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பூசை மாடத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு லட்சுமியோ முருகனோ இருக்கும். படத்தின் அடிப்பாகம் கத்தரியால் வெட்டப்பட்டிருந்தால், அது ஒரு காலத்தில் ஏதோ ஒரு கடையின் காலண்டர். வெட்டி எறிந்த துண்டில்தான் கடையின் பெயர் இருந்தது. கடைக்காரர் பணம் கொடுத்ததோ அந்தத் துண்டுக்காக!

நல்ல விளம்பரம் இப்படி வெட்டுப்பட இடம் கொடுக்குமா?

இதற்கு விடை காண, பாரிஸ் நகரச் சுவரொட்டி ஒன்றைப் பார்ப்போம். 1891இல் துலூஸ் லோத்ரெக் என்னும் ஓவியர் 'மூலான் ரூழ்' நடன அரங்குக்காக வரைந்தது. ஏறக்குறைய 190 செ.மீ. உயரம். அச்சிட்ட முறை கல்லச்சு. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் கொழுப்புள்ள கோலால் வரைந்து, கோந்தும் அமிலமும் பூசிப் பதப்படுத்தி, நீரால் நனைப்பார்கள். கோடு நீரை ஏற்காது, மையை ஏற்கும். ஈரமான இடம் மையை விலக்கும். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்ற எளிய உண்மைதான் அடிப்படை. நிறத்துக்கு ஒரு கல் தேவை. ஆகவே நிறம் குறைந்தால் செலவும் குறையும்.

லோத்ரெக் இந்தச் சிக்கனத்தையே அழகாக்கினார். நடனக்காரியின் பாவாடை வெண்மை பெரும்பாலும் அச்சிடாத தாளின் வெண்மையே. கூட்டம் வெறும் கறுப்பு நிழல். அரங்கின் பெயர் மூன்று முறை அடுக்கி வருகிறது. மூன்றுக்கும் முதலெழுத்து ஒன்றே. எழுத்தை வெட்டினால் படம் குலைந்துவிடும்.

நம் காலண்டர்க் கதை வேறு. கோவில்பட்டி சி. கொண்டைய ராஜு (1898-1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகத் திரைகள் எழுதிப் பழகியவர். அவர் வரைந்த தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் முன்கூட்டியே அடித்து, கீழே வெற்றிடம் விட்டு வைத்தன. வியாபாரி மாதிரியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார். பெயர் பிறகு ஏறும். எண்ணெய்க் கடைக்கும் ஜவுளிக் கடைக்கும் அதே முருகன்! விளம்பரம் என்ற அளவில் இது பலவீனமே.

படமாகப் பார்த்தால் அப்படிச் சொல்ல மாட்டேன். பின்னணி பல சமயம் நாடகத் திரையாகவே நின்றுவிடுகிறது, முகங்களும் ஒன்றுபோல் இருக்கின்றன என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்கள்! நேர்நோக்கில் தீட்டிய விழி தட்டையான தாளில் இருப்பதால், எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது நம்மையே நோக்கும். கும்பிடுபவருக்கு வேண்டியதும் அதுதானே? லோத்ரெக் தெருவில் நடப்பவனை ஒரு நொடி நிறுத்த வரைந்தார். ராஜு ஓராண்டு தினமும் பார்ப்பவருக்கு வரைந்தார்.

பாரிஸ் சுவரொட்டிக்கு நிகரைச் சிவகாசியில் தேடினால், காலண்டரை விட்டுத் தீப்பெட்டி லேபிளைத்தான் கையிலெடுக்க வேண்டும். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய பின், லேபிளுக்காகவே இங்கே அச்சுத்தொழில் வேரூன்றியது. தட்டையான சில நிறங்கள், தடித்த கோடு, ஒரே உருவம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தின் பெயரைச் சொல்லியே பெட்டியைக் கேட்டு வாங்கலாம். இரண்டு அங்குலத் தாளில் வெட்டி எறிய ஒரு துண்டும் இல்லை.