கொல்லிமலை வானமும் கேமரா இணைப்பும்

அரியூர் சோலைக் காப்புக்காட்டில் இருண்ட வானப் பூங்கா அமைக்கத் தமிழக அரசு முடிவெடுத்த பிறகு, கொல்லிமலை இரவைப் படமெடுக்கும் ஆசை பலருக்கும் வந்திருக்கிறது. ஆசை நியாயமானது. அதற்குக் கையாளப்படும் முறைகளைத்தான் எடைபோட வேண்டியிருக்கிறது.

கைப்பேசியைத் தொலைநோக்கியின் ஐபீஸுக்கு நேரே பொருத்திப் பிடிப்பதே மிகப் பரவலான முறை. நிலாவுக்கு இது தாராளமாகப் போதும். வியாழனையும் ஓரளவு காட்டிவிடும். ஆனால் ஐபீஸ், கைப்பேசி லென்ஸ் இரண்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்காவிட்டால் படத்தின் ஓரம் இருண்டுபோகும். நீண்ட ஒளிப்பதிவு கேட்கும் மங்கலான நெபுலாக்களில் இம்முறை தோற்றுவிடுகிறது.

ஐபீஸைக் கழற்றிவிட்டு, லென்ஸ் இல்லாத கேமராவை டி-வளையத்தின் வழியே முதன்மைக் குவியத்தில் பொருத்துவது கோட்பாட்டளவில் தூய்மையான முறை. தொலைநோக்கியே லென்ஸாகிறது, நடுவே வேறு கண்ணாடி இல்லை. குறை நடைமுறையில் எழுகிறது. கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்த நியூட்டோனியன் குழாய்கள் பலவற்றில் குவியம் குழாயை ஒட்டியே விழுவதால், கேமராவின் சென்சார் அதை எட்டுவதில்லை. பார்லோ லென்ஸ் செருகினால் எட்டும்; பிம்பம் பெரிதாகி மங்கும்.

ஆனாலும் டி-வளையத்தையும் கைப்பேசி அடாப்டரையும் மட்டும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லும் விமர்சனங்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1200 மி.மீ. குவியத்தூரமும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவும் சேர்ந்தால், வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் ஒரே நொடியில் சுமார் 20 பிக்சல்களைக் கடந்துவிடும். வானத்தின் நகர்வைப் பின்தொடரும் மவுண்ட் (தாங்கி) இல்லாமல், நீண்ட ஒளிப்பதிவில் எந்த இணைப்பும் கோடுகளையே பதிவுசெய்யும். அந்த மவுண்டின் அச்சைத் துருவத்தை நோக்கித் திருத்துவதில்தான் இந்த மலை சோதிக்கிறது. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்துக்கு மேல் 11 பாகை அளவிலேயே நிற்கிறது. மரமோ முகடோ மூடுபனியோ எளிதில் மறைத்துவிடும். துருவம் 50 பாகை உயரத்தில் நிற்கும் நாடுகளுக்கென எழுதிய கையேடுகள் இங்கே பாதிதான் உதவும். அதே அட்சரேகை தரும் பேறும் பெரிது: லண்டனில் எழவே எழாத ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து, இங்கே 31 பாகை உயரம்வரை ஏறுகிறது.

இதே தாழ்ந்த துருவத்தோடுதான் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் வேலைசெய்கிறது. 1988இல் ஆர். ராஜமோகன் குழுவினர் அங்கே 45 செ.மீ. ஷ்மிட் தொலைநோக்கியில் ஒரு சிறுகோளைக் கண்டார்கள். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர். ஷ்மிட் என்பது கேமராவாகவே கருக்கொண்ட கருவி. பிறகு சேர்க்கப்பட்ட இணைப்பு என்று அதில் எதுவுமில்லை. அதன் அச்சும் ஒருமுறை திருத்தி நிலைநிறுத்தப்பட்டது. அந்த ஒருமைப்பாட்டையே நான் அளவுகோலாகக் கொள்கிறேன்.

அந்த அளவுகோலில், 200 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத்தூரமும் கொண்ட டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் நியூட்டோனியன்) மாட்டிய கைப்பேசியைவிட, நல்ல மவுண்டில் ஏற்றிய 400 மி.மீ. குவியத்தூரச் சிறு லென்ஸ் தொலைநோக்கியும் முதன்மைக் குவியத்தில் கேமராவும் தெளிவாக மேலானவை. குவியத்தூரம் மூன்றில் ஒன்றானதால் பின்தொடர்தலில் நேரும் பிழையும் படத்தில் மூன்றில் ஒரு பங்காகவே தெரியும். ஒளி திரட்டும் பரப்பில் அது சிறியது என்பது உண்மை. ஒளிப்பதிவு நேரத்தை நீட்டி அந்த இழப்பை ஈடுகட்டலாம். டாப்சோனியன் பார்வையாளர்களின் கண்ணுக்கு இருக்கட்டும். அரியூர் பூங்காவில், வடக்கு வானம் மறையாத திறந்த இடம் பார்த்து, அச்சைத் துருவத்துக்குத் திருத்தி வைத்த மவுண்டுகளோடு நாலைந்து கான்கிரீட் தூண்களை நிறுவ வேண்டும். படமெடுக்க வருபவர்கள் தங்கள் கருவியை அவற்றின்மேல் பொருத்திக்கொள்வார்கள்.