இலையுதிர்ந்த வனத்தில் கூட்டு நடை

பாஸ்டனுக்குத் தெற்கே, மில்டன் ஊரை ஒட்டிய புளூ ஹில்ஸ் வனத்தில், புத்தாண்டு தினத்தன்று கூட்டமாக நடக்கும் வழக்கம் 1992-இல் ஆரம்பமாகி, 2012-இல் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் பரவிவிட்டது. முதல்நாள் இரவுக் கேளிக்கைக்குப் பிறகு போர்வையை விட்டு எழுவதே பெரும் பிரயத்தனமாக இருக்கும் காலையில், கம்பளித் தொப்பியும் கையுறையும் தரித்து, குழந்தைகள் முதல் விருத்தர்கள் வரை காட்டுக்குப் புறப்படுவதைப் பைத்தியம் என்பாரும் உண்டு. நான் அந்தக் கட்சியில் சேரமாட்டேன்.

கோடையில் பசுமைத் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பாறைகளையும், பழைய குடியானவர்கள் அடுக்கிய கல்வேலிகளையும் வனம் இந்தப் பருவத்தில்தான் தாராளமாகக் காட்டுகிறது. பல மரங்கள் வெறுங்கிளைகளாய் நிற்க, இளம் பீச் மரம் காய்ந்து வெளிறிய இலைகளை உதிர்க்க மனமில்லாமல் வைத்துக்கொண்டு, காற்று வீசும்போதெல்லாம் பழைய ஏட்டைப் புரட்டுவதுபோல் சலசலக்கும். அருகே போய்ப் பார்த்தால், அந்தச் சருகுகளின் பக்கத்திலேயே வசந்தத்துக்குரிய தளிரைச் சுருட்டி வைத்த நீண்ட, கூரிய மொட்டு தெரியும். கறுப்புத் தலைச் சிக்கடிக் குருவியோ, இரவில் தன் தேக உஷ்ணத்தையே குறைத்துக்கொண்டு பிராணனைக் காத்து, விடிந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் இரை தேடுகிறது.

முன்னே செல்பவர் மிதித்த பனி பின்னே வருபவருக்குப் பாதையாவதால், இந்த யாத்திரைக்குக் கூட்டம் அவசியந்தான். 635 அடி உயரமுள்ள சிகரத்தில், 1885 முதல் வானிலையைக் குறித்துவரும் ஆய்வுக்கூடத்தருகே பிளாஸ்க்குகள் திறக்கின்றன. ஏறும்போது தத்துவம் பேசியவர்கள், கண்ணாடிப் பனி படிந்த பாறையில் இறங்கும்போது, கௌரவம் பாராமல் உட்கார்ந்தே நகர்கிறார்கள்.