பதிவு செய்தது நாம், சாவி யாரிடம்?

மலேசியாவில் தொலைக்காட்சி நிகழ்ச்சியை வீட்டில் பதிவு செய்துகொள்வது குற்றமில்லை. 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 13வது பிரிவில் இதற்கு இடம் தருகிறது: ஒளிபரப்பை ஒருவர் தம் சொந்த, வீட்டு உபயோகத்துக்காகப் பதிவு செய்யலாம். இது தெரியாமல் ரெக்கார்ட் பட்டனை அழுத்தவே தயங்குகிறவர்கள் உண்டு. தெரிந்தவர்களுக்கு வேறு சிக்கல். அந்த உரிமையை ஒழுங்காகப் பயன்படுத்தவிடும் கருவி எது என்று கடையில் கேட்டால் யாரும் சொல்வதில்லை. அதனால் நானே இறங்கிப் பார்த்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டில் இலவச டிஜிட்டல் ஒளிபரப்புக்கான டிகோடர், ஸ்மார்ட் டிவியிலேயே இருக்கும் பதிவு வசதி, கட்டணச் சேவையின் பெட்டி என மூன்றையும் பல மாதங்கள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அனுபவம் இது.

இந்தக் காலத்தில் எதற்குப் பதிவு, எல்லாம்தான் செயலியில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். சென்னையிலிருந்து வரும் தொடர்களுக்கு அது பெரும்பாலும் சரி. சன் டிவி தொடரைத் தவறவிட்டால் சன் நெக்ஸ்டில் பார்த்துக்கொள்ளலாம். என் கவலை நம் ஊர் நிகழ்ச்சிகளைப் பற்றியது. ஆர்.டி.எம். இரண்டாம் அலைவரிசையின் தமிழ் நாடகம், தீபாவளி சிறப்பு நிகழ்ச்சி, தோட்டப்புறத்தைப் பற்றிய ஓர் அரைமணி நேர ஆவணப்படம், தைப்பூசத்தன்று பத்துமலையிலிருந்து வரும் காட்சிகள் ஆகியவற்றில்தான் நாமும் நம் பிள்ளைகளும் இருக்கிறோம். இவற்றில் சில இணையத்தில் ஏறும், சில ஏறாது. ஏறியதும் எத்தனை நாள் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. என் தங்கை மகள் படிக்கும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆடிய கோலாட்டம் ஒரு பண்டிகை நிகழ்ச்சியில் வந்தது. இரண்டு நிமிடம்கூட இருக்காது. அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போதும் அது எங்களிடம் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வி.சி.ஆர். காலத்தில் இதற்குக் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை. டேப்பைச் செருகி அழுத்தினால் பதிவாகும். அதை எந்த வீட்டு வி.சி.ஆரிலும் போடலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில், சோனியின் பீட்டாமேக்ஸ் வழக்கில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இங்கே அந்தக் காலம் முடிந்தது: அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. அதற்குள் வி.சி.ஆர். தயாரிப்பும் நின்றிருந்தது, ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் கடைசியாகக் கைவிட்டது. வீட்டில் மிச்சமிருக்கும் பழைய வி.சி.ஆர்., டிவிடி ரெக்கார்டர் எதுவும் இன்றைய ஒளிபரப்பைத் தானாகப் பிடிக்காது.

அனலாக்கின் இடத்தை நிரப்ப வந்ததுதான் மைஃப்ரீவியூ என்ற பெயரில் அறிமுகமான தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. 2017 ஜூனில் தொடங்கியது; மாதச் சந்தா கிடையாது. டிவிபி-டி2 தொழில்நுட்பம் உள்ள டிவியோ டிகோடரோ போதும். டிகோடர் நூறு வெள்ளிக்குள் கிடைக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய கடைகளிலும் லோ யாட் பிளாசாவிலும் தேடிப் பார்த்தேன். முன்பக்கம் ஒரு யுஎஸ்பி துளை இருந்தால் அநேகமாகப் பதிவு வசதியும் இருக்கும். அட்டைப்பெட்டியில் 'பிவிஆர்' என்று மூன்றெழுத்து அச்சிட்டிருப்பார்கள். அதற்குமேல் ஒரு விவரமும் இருக்காது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஜன்னலோரம் வைத்த சிறிய உள்ளறை ஏரியலுக்கே படம் துல்லியமாக வருகிறது. மழையிலும் அப்படியே நிற்கிறது. டிஷ்ஷுக்கு வரும் கேயு அலைக்கற்றை சமிக்ஞையைக் கனமழை உறிஞ்சிவிடும். தரைவழி யுஎச்எஃப் அலைக்கு அந்தப் பலவீனம் கிடையாது. மாலை மழையில் பக்கத்து வீட்டு டிஷ் செத்துக் கிடக்கும்போது எங்கள் வீட்டில் தமிழ்ச் செய்தி தடங்கலில்லாமல் ஓடியது.

பதிவுக்கு வருவோம். ரிமோட்டில் சிவப்புப் புள்ளி போட்ட பட்டன். பென் டிரைவைச் செருகி அதை அழுத்தினால் திரையின் மூலையில் சிவப்பு எழுத்தில் நேரம் ஓட ஆரம்பிக்கும். ஒரு மணி நேர எச்.டி. நிகழ்ச்சிக்கு இரண்டு, மூன்று ஜி.பி. ஆகிறது. விலை மலிந்த பென் டிரைவில் எழுதும் வேகம் போதாது. பதிவாகும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். பிறகு ஓட்டிப் பார்த்தால் நடனக்காரர்கள் தாவித் தாவி நகர்வார்கள். இன்னொன்று, பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்ட முடியாது. பெட்டி தானாக அடுத்த கோப்பைத் திறக்கும். இணையும் இடத்தில் ஒரு கணம் விழுந்துவிடும். அது பாட்டின் நடுவிலாக அமைந்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பெட்டி என்டிஎஃப்எஸ் முறையை ஏற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க் மாட்டினால் கவனம் தேவை. இந்தச் சிறிய பெட்டிகளின் யுஎஸ்பி துளை தரும் மின்சாரம் சில டிஸ்க்குகளுக்குப் போதாமல், பாதிப் பதிவில் டிஸ்க் தானே கழன்றுகொள்கிறது. தனி மின் இணைப்புள்ள டிஸ்க் என்றால் தொல்லையில்லை.

மலிவான டிகோடர்களில் ட்யூனர் ஒன்றுதான். ஒரே அலைத்தொகுப்பில் வரும் அலைவரிசைகளுக்குள் ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்கலாம். வேறு தொகுப்புக்கு மாற்றினால் 'பதிவை நிறுத்தவா?' என்று பெட்டி கேட்கும். அம்மா மலாய் நாடகம் பார்க்கும் நேரமும் நம் தமிழ் நிகழ்ச்சியும் மோதினால் அம்மாதான் ஜெயிப்பார். பதிவுக்கென்று ஒரு டிகோடரைத் தனியாக ஒதுக்குவதே இதற்கு வழி. விலை தாங்கக்கூடியதுதான்.

டைமர் வைக்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. நான் சோதித்த பெட்டி கடிகாரத்தைத்தான் நம்புகிறது, நிகழ்ச்சியை அல்ல. நேரலையோ சிறப்பு ஒளிபரப்போ குறுக்கே வந்து நிகழ்ச்சி தள்ளிப்போனால், தள்ளிப்போன அளவுக்கு முடிவு வெட்டுப்படும். தொடக்கத்துக்கு ஐந்து நிமிடம் முன்பும் முடிவுக்குக் கால் மணி பின்பும் சேர்த்தே வையுங்கள். இரண்டாவது, இடி. பிற்பகலில் வானம் கறுத்தால் டிவி சுவிட்சை அணைத்து ஏரியல் வயரையும் உருவிவிடுவது நம் வீடுகளில் பழக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கில் விழும் இடிக்கு அந்தப் பழக்கம் சரிதான். ஆனால் பிளக்கைப் பிடுங்கிய பெட்டி பதிவு செய்யாது. வெளியே போகும் நாளில் டைமர் வைத்தால், வீட்டில் இருப்பவரிடம் மழை விட்டதும் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

இவையெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். சமாளிக்க முடியாத குறை கோப்பில் இருக்கிறது. நான் வாங்கிய பெட்டி நிகழ்ச்சியை டிஎஸ் கோப்பாக எழுதுகிறது. பென் டிரைவை மடிக்கணினியில் செருகி விஎல்சியில் திறந்தால் ஓடுகிறது. பிரதி எடுத்து வைக்கலாம். பிரிக்ஃபீல்ட்ஸில் நண்பர் வாங்கியது வேறொரு பெட்டி. ஏறக்குறைய அதே விலை, அட்டையில் அதே மூன்றெழுத்து. அவர் பென் டிரைவைக் கணினியில் திறந்தால் எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புகள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றும் ஓடவில்லை. பெட்டி அவற்றைக் குறியாக்கம் செய்து பூட்டியிருக்கிறது. அந்தப் பெட்டி இருக்கும்வரை பார்க்கலாம், அது கெட்டால் எல்லாம் போச்சு. இலவசமாக, எந்தப் பூட்டும் இல்லாமல் காற்றில் வந்த நிகழ்ச்சி, வீட்டுக்குள் வந்த பிறகு பூட்டப்படுகிறது. இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்மார்ட் டிவிகளின் நிலை இதைவிட மோசம். யுஎஸ்பியில் பதியும் வசதி பல டிவிகளில் உண்டு, மெனுவும் அழகாக இருக்கும். ஆனால் பெரும்பாலானவை பதிவை அந்த ஒரு டிவியோடு கட்டிப்போடுகின்றன. டிஸ்க்கை முதலில் தன் முறைக்கு ஃபார்மட் செய்யச் சொல்லும். பிறகு கணினி அந்த டிஸ்க்கை அடையாளமே காணாது. அதே கம்பெனியின் வேறொரு டிவிகூட அதைத் திறக்காது. மின்னல் தாக்கி மெயின் போர்டை மாற்றினால் சாவியும் போர்டோடு போய்விடும். இன்றிரவு பதிந்து நாளை பார்க்கலாம். அதற்குமேல் இந்த வசதியை நம்ப வேண்டாம்.

கட்டணச் சேவையைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். 1996இல் ஆஸ்ட்ரோ வந்த பிறகுதான் நம் வீடுகளில் நாள் முழுக்கத் தமிழ் கேட்டது. பிற்பாடு ஹார்ட் டிஸ்க் உள்ள பதிவுப் பெட்டிகள் வந்தன. 2019 நவம்பரில் வந்த அல்ட்ரா பாக்ஸிலிருந்து பதிவு வீட்டுப் பெட்டியை விட்டு மேகக் கணிமைக்கு மாறியது. பார்க்கிறவருக்கு இதில் உண்மையான லாபம் இருக்கிறது. மழை நேரத்தில் டிஷ் வழியாக ஹார்ட் டிஸ்க்கில் பதிந்தால் நடுவில் ஓட்டை விழும். நிறுவனத்தின் சர்வரில் நடக்கும் பதிவுக்கு உங்கள் கூரைமேல் பெய்யும் மழை ஒரு பொருட்டல்ல. நிகழ்ச்சியைத் தொடக்கத்திலிருந்து ஓட்டும் வசதியும் வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்புகிறவர்களுக்குப் பெரிய உதவி. தவறவிட்டதைப் பார்ப்பது மட்டுமே உங்கள் தேவை என்றால் இதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஆனால் மேகத்தில் இருப்பது உங்கள் பிரதி அல்ல. இணையம் இல்லாவிட்டால் பார்க்க முடியாது. சந்தா நின்றால் பதிவும் உங்களை விட்டுப் போகும். உலகெங்கும் இவ்வகைச் சேவைகளின் அமைப்பே இதுதான். செயலியில் தரவிறக்கம் செய்து வைப்பதும் அப்படியே. கெடு முடிந்தால் மறைந்துவிடும். பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக எடுத்து வேறு கருவியில் பதியலாம் என்று பார்த்தால், எச்டிசிபி பாதுகாப்பு குறுக்கே நின்று படத்தைக் கறுப்பாக்கும். அதை முறிக்கும் சாதனங்கள் விற்கப்படுகின்றன. வாங்காதீர்கள். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது சேர்ந்த 36ஏ பிரிவு தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பதைத் தடை செய்கிறது. பதிவு செய்யலாம் என்கிறது ஒரு பிரிவு, பூட்டைத் தொடாதே என்கிறது இன்னொன்று. ஆக, எதைப் பதியலாம், எத்தனை காலம் வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கடைசியில் தீர்மானிப்பவர் பூட்டைப் போடுகிறவர்தான்.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதில்லை. சிங்கப்பூரில் ரெக்கார்ட் டிவி என்ற நிறுவனம், மீடியாகார்ப் ஒளிபரப்பு நிறுவனத்தின் இலவச நிகழ்ச்சிகளை இணையம் வழியே பதிந்து பார்க்கும் வசதியைக் கொடுத்தது. மீடியாகார்ப் எதிர்த்தது. 2010 டிசம்பரில் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரெக்கார்ட் டிவிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிவு செய்தவர் நிறுவனமல்ல, பட்டனை அழுத்திய பார்வையாளர்தான் என்பது அதன் சாரம். பார்வையாளரை உரிமையுள்ள ஒருவராக மதிக்கும் பார்வை அது. நம் கருவிகளைத் தயாரிப்பவர்களிடமும் அதை எதிர்பார்க்கிறேன்.

நேர்வழி இவ்வளவு சிரமமாக இருப்பதால்தான் பலர் 'எல்லாம் ஓடும்' என்று விற்கப்படும் திருட்டு ஆண்ட்ராய்டு பெட்டிக்குப் போகிறார்கள். 2022 மார்ச்சில் அமலுக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் இதற்கென்றே 43ஏஏ பிரிவைச் சேர்த்தது. இத்தகைய ஸ்ட்ரீமிங் கருவிகளைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது போன்றவற்றுக்கு 10,000 முதல் 2,00,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தண்டனையைவிட என்னை உறுத்துவது வேறு. நம் ஊர்த் தமிழ் நாடகத்தை எடுக்கிறவர்களுக்குக் கிடைப்பதே கொஞ்சம். திருட்டுப் பெட்டி அதிலும் கைவைக்கிறது. அந்த வழி வேண்டாம்.

என் தீர்ப்பு இது. பார்த்துவிட்டு அழிக்கும் நிகழ்ச்சிகளுக்குக் கட்டணச் சேவையின் மேகப் பதிவு. வைத்துக்கொள்ள வேண்டிய உள்ளூர்த் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு, அவை ஆர்.டி.எம். போன்ற இலவச அலைவரிசையில் வரும்வரை, பூட்டாத டிகோடர். ஸ்மார்ட் டிவியின் பதிவு வசதிக்காகக் கூடுதலாக ஒரு வெள்ளிகூடத் தர வேண்டாம்.

டிகோடர்களுக்குச் சான்றளிக்கும் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கு ஒரு வேண்டுகோள்: பதிவு பூட்டப்படுமா, படாதா என்பதை அட்டைப்பெட்டியில் அச்சிடச் செய்யுங்கள். அதுவரை, வாங்கப் போகிறவர்கள் ஒரு பென் டிரைவும் மடிக்கணினியும் எடுத்துச் செல்லுங்கள். நான் அப்படிக் கேட்டபோது கடைத் தம்பி, "யாரும் இப்படிக் கேட்டதில்லையே அண்ணே" என்றார். ஆனாலும் மறுக்காமல் டிகோடரை ஏரியலில் இணைத்துக் கொடுத்தார். ஒரு நிமிடம் பதிந்து, பென் டிரைவைக் கணினியில் செருகுங்கள். ஓடினால் வாங்குங்கள். ஓடாவிட்டால் அடுத்த பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.