பெயரை நீக்குவதும் ஏட்டில் வைப்பதும்

ஹதீஸ் கலையை ஓதத் தொடங்கும் மாணவர்கள் அறிவிப்பாளர்களின் பெயர்களைக் கண்டு முதலில் திகைப்பதுண்டு. அஃமஷ் என்றால் கண் பார்வை நலிந்தவர். அஃரஜ் என்றால் கால் ஊனமுற்றவர். இத்துணைப் பெரியார்களை உடற்குறையின் பெயரால் அழைக்கலாமா, சூரத்துல் ஹுஜுராத்தில் பட்டப்பெயர் சூட்டி அழைப்பது விலக்கப்பட்டிருக்கிறதே என்று அவர்கள் வினவுவார்கள். இழிவு கருதாது, ஆளை அடையாளம் காட்டுதற்கு மட்டுமே எனில் கூடும் என்பது உலமாக்களின் விடை. ஆயினும் அந்த விடையோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. பஸராவின் இஸ்மாயீல் இப்னு உலய்யா (ரஹ்) அவர்கள், அன்னையின் பெயரோடு சேர்த்துத் தம்மை அழைப்பதை விரும்பாதவர்கள். உலகமோ அவர்களை அந்தப் பெயராலேயே அறிந்திருந்தது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அவர்களிடமிருந்து அறிவிக்கும்போது இஸ்மாயீல் என்று கூறி, மற்றவர்களால் இப்னு உலய்யா என்று சொல்லப்படுகிறவர் என்று சேர்த்துக்கொள்வார்கள். அடையாளமும் கெடவில்லை, உரியவரின் மனமும் நோகவில்லை.

எடித் ஷெஃபர் என்னும் வரலாற்றாசிரியை 2018-ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ஆஸ்பெர்கரின் குழந்தைகள்’ என்னும் நூலைப் படித்து முடித்தபோது நம் நினைவில் நின்றது இந்தப் பாடமே. ஒரு மருத்துவரின் பெயர் ஒரு மனநிலைக்குச் சூட்டப்பட்டு, பின்னர் அம்மருத்துவரின் கடந்த காலம் வெளிப்பட்டதால், அப்பெயரை வைத்திருப்பதா விலக்குவதா என்று எழுந்த வாதத்தின் நடுவே வந்த நூல் இது. வாதம் மருத்துவர்களுடையது. ஆனால் பெயர், சாட்சி, நம்பகம் என்று அவர்கள் பேசுகின்ற பொருள்கள் நம் கிதாபுகளுக்குப் புதியன அல்ல. ஆதலின் நாமும் ஒரு சொல் சொல்லத் துணிகிறோம்.

செய்தி இது. ஹன்ஸ் ஆஸ்பெர்கர் 1906-ல் பிறந்து 1980-ல் மறைந்த ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர். வியன்னாப் பல்கலைக்கழகக் குழந்தைகள் மருத்துவமனையில் சிறப்புக் கல்விப் பிரிவை நடத்தியவர். பேச்சுத் திறனும் அறிவுக் கூர்மையும் இருந்தும் பிறரோடு ஒட்டி உறவாட இயலாத சிறுவர் நால்வரை விரிவாக வருணித்து 1944-ல் ஒரு கட்டுரை எழுதினார். ஜெர்மன் மொழிக்கு வெளியே அது பெரிதும் அறியப்படாமல் கிடந்தது. ஆங்கில மருத்துவர் லோர்னா விங் 1981-ல் எழுதிய கட்டுரையே ஆஸ்பெர்கரின் பெயரை அந்நிலைக்கு நிலைநிறுத்தியது. அவர் மறைந்து ஓராண்டு கழிந்திருந்தது. 1991-ல் ஊட்டா ஃப்ரித் மூலக் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1994-ல் அமெரிக்க மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பில் அந்தப் பெயர் ஏறியது. ஆக, பெயர் சூட்டியவர் அவர் அல்லர். பிறர் அவருக்குச் செய்த சிறப்பு அது.

இந்தச் சிறப்புக்குத் துணையாக ஒரு நற்சான்றும் புழக்கத்தில் இருந்தது. நாஜிகளின் ஆட்சியில் இருந்துகொண்டே, இக்குழந்தைகளின் திறமைகளை எடுத்துக்காட்டி அவர்களைச் சாவினின்றும் காத்த நல்லவர் ஆஸ்பெர்கர் என்பது அது. ஸ்டீவ் சில்பர்மன் 2015-ல் வெளியிட்ட, பலரும் விரும்பிப் படித்த ‘நியூரோடிரைப்ஸ்’ என்னும் நூலும் முதற்பதிப்பில் ஏறத்தாழ இவ்வாறே சித்தரித்தது. கெஸ்டபோ தம்மைக் கைது செய்ய வந்தது, தம் தலைவர் ஃபிரான்ஸ் ஹம்பர்கர் காப்பாற்றினார் என்னும் கதை ஆஸ்பெர்கரே பிற்காலத்தில் சொன்னது. ஒருவர் தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் தஃதீலை எந்த முஹத்திஸும் ஏற்கமாட்டார். இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் பலர் ஏற்றார்கள்.

அதைக் கலைத்தவர் வியன்னாவின் மருத்துவ வரலாற்றாசிரியர் ஹெர்விக் செக். பல்லாண்டு ஆவணங்களைத் துருவி 2018 ஏப்ரலில் அவர் வெளியிட்ட ஆய்வுரை, நம் கலைச்சொல்லில் கூறுவதாயின், ஜரஹ் முஃபஸ்ஸர்; அதாவது காரணம் விளக்கப்பட்ட குறைகாணல். இன்னார் சரியில்லை என்று பொதுப்பட மொழிவது வேறு. இன்ன நாள், இன்ன தாளில், இன்னது எழுதிக் கையொப்பமிட்டார் என்று காட்டுவது வேறு. பின்னதற்கே எடை. செக் காட்டியவற்றுள் ஒன்று 1941 ஜூன் 27-ஆம் தேதிய குறிப்பு. மூன்று வயது நிரம்பாத ஒரு பெண்குழந்தை. மூளை அழற்சிக்குப் பின் வளர்ச்சி குன்றியது. நலமுள்ள வேறு ஐந்து பிள்ளைகளைப் பேணவேண்டிய தாய்க்கு இக்குழந்தை தாங்கொணாச் சுமை என்றும், ஸ்பீகல்குருண்டில் நிலையாகச் சேர்ப்பது அவசியம் என்றும் ஆஸ்பெர்கர் எழுதினார். மூன்றாம் பிறந்தநாளுக்கு மறுநாள் குழந்தை அங்கே இறந்தது. நிமோனியா என்று பதிவாகியிருக்கிறது.

ஸ்பீகல்குருண்ட் என்பது வியன்னாவின் ஸ்டைன்ஹோஃப் மருத்துவமனை வளாகத்தில் 1940 முதல் 1945 வரை நடந்த குழந்தைகள் நிலையம். அங்கே மாண்ட குழந்தைகள் 789 பேர். உறக்க மருந்தும் பட்டினியும் உடலை நலிவித்தன. பின்னர் வந்த காய்ச்சல் இறப்பேட்டில் காரணமாக எழுதப்பட்டது. அதன் முதல் தலைவர் எர்வின் யெக்கேலியஸ் முன்பு ஆஸ்பெர்கரோடு அதே பிரிவில் பணியாற்றியவர். 1942 பிப்ரவரியில் குக்கிங் என்னும் ஊரின் நிலையத்தில் இருந்த குழந்தைகளைத் தரம் பிரிக்க அமைந்த குழுவிலும் ஆஸ்பெர்கர் உறுப்பினர். சற்றேறக்குறைய 210 பேரைப் பார்த்த அக்குழு, கல்விக்கும் வளர்ச்சிக்கும் உதவாதவர்கள் என்று 35 பேரை ஒதுக்கியது.

அவர் நாஜிக் கட்சியில் சேரவில்லை என்பது மெய். அனுப்பிய இடத்தில் நடந்ததை அவர் அறிந்திருக்கமாட்டார் என்று வழக்காடுவோரும் உள்ளனர். பழைய சக மருத்துவர் தலைமையேற்ற நிலையம், அதே நகரம் என்பவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் அந்த வழக்கு நமக்கு மிக மெலிந்ததாகவே படுகிறது.

இனி நூலுக்கு வருவோம். ஷெஃபர் தனியொருவரின் குற்றத்தோடு நிற்கவில்லை. எந்தச் சிந்தனைச் சூழலில் அக்குற்றம் இயல்பானதாயிற்று என்று காட்ட முயல்கிறார். அதில் நூலின் சிறந்த பகுதி ‘கெம்யூட்’ என்னும் ஜெர்மன் சொல்லின் வரலாறு. உள்ளம், உணர்வு, ஆன்மாவின் கனிவு என்றெல்லாம் பழைய கவிஞர்கள் வழங்கிய சொல் அது. அரபியின் ‘கல்பு’க்கு அணுக்கமானது எனலாம். நாஜிக் காலத்து மனநல மருத்துவர்கள் அச்சொல்லை எடுத்து, இனக்கூட்டத்தோடு ஒன்றிக் கலக்கும் ஆற்றல் என்று பொருளைக் குறுக்கினர். கூட்டத்தோடு கலவாத பிள்ளைக்கு உள்ளம் இல்லை என்றாயிற்று. ஒரு சொல் தன் பொருளை இழந்து ஓர் அளவுகோலாக மாறுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய நூல்கள் சிலவே.

இவ்விடத்தில் சற்று நிறுத்திக்கொண்டோம் என்பதை மறைப்பானேன்? முப்பது ஆண்டுக்கு முன் நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவன். ஜுஸ்உ, பக்கம், வரி என்று கேட்டால் கண் இமைக்குமுன் சொல்வான். முகத்தை நிமிர்ந்து பாரான். உஸ்தாதின் தாயார் மறைந்த செய்தி கேட்டு மற்றப் பிள்ளைகள் அழுதபோது, இன்று பாடம் உண்டா என்று கேட்டான். கல்பு இறுகிய பிள்ளை என்று அவன் பெயருக்கெதிரே எழுதியது இந்தக் கைதான். அந்த ஒரு வரியால் அவன் வேறு மதரஸாவிலும் சேர முடியாமல் போயிற்று. நம் மொழியில் ஆட்டிசத்துக்கு மதியிறுக்கம் என்று ஒரு சொல் வழங்குகிறது. இறுகியது எது என்று யார் கண்டார்?

நூலின் குறைக்கு வருவோம். கெம்யூட் என்னும் சொல்லைப் பற்றிக்கொண்டு ஷெஃபர் மிகத் தொலைவு சென்றுவிடுகிறார். ஆட்டிசம் என்னும் கருத்தின் தோற்றமே நாஜி வியன்னாவில் என்று நூலின் துணைத்தலைப்பு முழங்குகிறது. இஸ்னாத் இதற்கு இடந்தரவில்லை. மாஸ்கோவில் குரூன்யா சுக்கரேவா என்னும் பெண் மருத்துவர் இத்தகைய சிறுவர்களை 1925-லேயே ரஷ்ய மொழியில் வருணித்து, மறு ஆண்டு ஜெர்மனிலும் வெளியிட்டார். 1943-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கேனர் எழுதினார். கேனரோடு பணிசெய்த ஜார்ஜ் ஃபிராங்கல், வியன்னாவின் அதே பிரிவிலிருந்து அமெரிக்கா சென்ற யூத மருத்துவர். செய்தி பல வழிகளில் வந்திருக்கிறது. அதாலத் பழுதுபட்ட அறிவிப்பாளருக்கு வேறொருவரின் துணை வலுவூட்டாது என்பது விதி. ஆனால் அந்த வேறொருவர் தாமே நம்பகமானவராயின் செய்தி அவரைக்கொண்டே நிற்கும். பழுதுபட்டவர் அங்கே வேண்டியதே இல்லை. ஆஸ்பெர்கரைத் தள்ளினால் வருணிக்கப்பட்ட குழந்தைகளின் நிலையும் பொய்யாகிவிடுமோ என்று அஞ்சுவோர்க்கும் இதுவே விடை.

மேலும், 1944-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆஸ்பெர்கர், இக்குழந்தைகளின் உணர்வு அளவிற் குறைந்தது என்பதைவிடத் தன்மையில் வேறானது என்று கூறியிருப்பதற்கு ஷெஃபர் தரும் எடை போதாது. அச்சொல் அவரை விடுவிக்கப் போவதில்லை. ஒருவகையில் குற்றத்தை மிகுவிக்கிறது. வேறுபாட்டை அறியும் கண் இருந்தவரே, அந்தக் கண்ணுக்கு இனிமையாகத் தோன்றாத குழந்தையை ஸ்பீகல்குருண்டுக்கு எழுதிக் கொடுத்தார். எனினும் எதிரியின் கூற்றையும் முழுமையாக வைப்பதே நகலின் ஒழுக்கம்.

பெயருக்கு என்ன நேர்ந்தது? இங்கேதான் நமக்கு மனக்குறை. அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் ஆஸ்பெர்கர் நிலையைத் தனியே வைக்காமல் ஆட்டிச நிறமாலை என்னும் பொதுப்பெயரில் சேர்த்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் வகைப்பாடும் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அப்பெயரை விட்டுவிட்டது. இரண்டிலும் கூறப்பட்ட காரணம் துறைசார்ந்தது. ஒரே குழந்தையை ஒரு மருத்துவர் ஆஸ்பெர்கர் என்றும் மற்றொருவர் ஆட்டிசம் என்றும் கூறினர், எல்லை உறுதிப்படவில்லை. செக்கின் ஆய்வுரை வருமுன்னரே ஒரு கையேட்டிலிருந்து பெயர் போய்விட்டது. எவரும் சாட்சி சொல்லாமலே வழக்கு முடிந்தது போலாயிற்று.

ஹன்ஸ் ராய்ட்டரின் பெயரை நீக்கியதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மூட்டழற்சி நோய் ஒன்றுக்கு அவர் பெயர் வழங்கியது. அவரோ நாஜி ஆட்சியின் சுகாதார அலுவலகத் தலைவர். வதைமுகாம் கைதிகள் மீது நடந்த டைஃபஸ் தடுப்பூசிச் சோதனைகளோடு தொடர்புடையவர். 1942-ல் அமெரிக்காவில் அப்பெயரை முன்மொழிந்த இருவருள் ஒருவர் எஃப்ரைம் எங்கிள்மன். அறுபத்தைந்து ஆண்டு கழித்து, 2007-ல், தொண்ணூறைக் கடந்த வயதில், வேறு சில மருத்துவர்களோடு சேர்ந்து தம் முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அவர் வெளிப்படையாக எழுதினார். காரணத்தையும் எழுதினார். இதை ருஜூஉ என்போம். ஆஸ்பெர்கரின் பெயர் அப்படி ருஜூஉ செய்யப்படவில்லை, நழுவி மறைந்தது.

அதன் விளைவை உணர்பவர்கள் அப்பெயரைச் சுமந்தவர்கள். நாற்பது வயதில் முதன்முறையாகத் தம்மைத் தாமே விளங்கிக்கொள்ளக் கிடைத்த சொல் என்று அதனைப் போற்றியவர்கள் பலர். சிலர் அதனைச் சுருக்கிச் செல்லப்பெயராகவே வைத்துக்கொண்டனர். அவர்களிடம் சென்று, உம் பெயர் கொலைக்குத் துணைபோனவனின் பெயர் என்று கூறிவிட்டு வேறொன்றும் கூறாமல் வந்துவிடுவது நாகரிகம் ஆகாது. அவர்களுள் சிலர் உடனே அதனை விலக்கினர். சிலர், பெயர் இப்போது எங்களுடையது, அவருடையது அன்று என்கின்றனர். இப்னு உலய்யா அவர்களின் செய்தியில் விருப்பம் கேட்கப்பட்டது பெயரைச் சுமந்தவரிடம் என்பதை இவ்விடத்தில் மறத்தலாகாது. ஒருவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது அவர் பாடு. பாடநூலும் மருத்துவச் சான்றும் எப்படி அழைக்கவேண்டும் என்பதே நம் கேள்வி. அவற்றில் அப்பெயர் சிறப்புச் செய்யும் பெயராக நிற்கக்கூடாது என்று ஷெஃபர் கூறுவதை நாம் முழுமையாக ஏற்கிறோம்.

ஆனால் நீக்குவதென்றால் எங்கே கொண்டுபோய் வைப்பது? இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் ஸஹீஹான ஹதீஸ்களைத் தொகுத்ததோடு நில்லாமல், ளயீஃபான அறிவிப்பாளர்களுக்கென்றும் தனியே ஒரு நூல் எழுதினார்கள். உகைலீ எழுதினார்கள். ஹாஃபிள் தஹபீ அவர்களின் மீஸானுல் இஃதிதால் பல பாகங்களாக விரிந்தது. தள்ளப்பட்டவர்களின் பெயர்கள் அழிக்கப்படவில்லை. தள்ளப்பட்ட காரணத்தோடு, காரணம் கூறியவரின் பெயரோடு, எழுத்துக் கூட்டிப் பிழையின்றிப் பதியப்பட்டன. பெயரை மறந்துவிட்டால் அதே ஆள் வேறொரு இஸ்னாதில் நல்லவராக வந்து நிற்பார் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஸ்பீகல்குருண்டின் மருத்துவருள் ஒருவரான ஹைன்ரிக் கிராஸ், அங்கே இறந்த குழந்தைகளின் மூளைகளை வைத்து, போருக்குப் பின்னும் பல்லாண்டு ஆய்வு வெளியிட்டு, 1975-ல் ஆஸ்திரிய அரசின் விருதும் பெற்றார். 2003-ல்தான் அது பறிக்கப்பட்டது. அக்குழந்தைகளின் எச்சங்கள் 2002-ல்தான் மண்ணுக்குப் போயின.

ஷெஃபரின் நூலைத் தமிழில் யாரேனும் பெயர்க்கவேண்டும். துணைத்தலைப்பை மாற்றிக்கொண்டால் நன்று. அதுவரை, இக்குழந்தைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஆஸ்பெர்கர் என்னும் சொல்லைத் தலைப்பில் இடாமல், இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் வழியில், முன்னர் அவ்வாறு அழைக்கப்பட்டது என்று ஒருமுறை குறித்துச் செல்லலாம். அதன்கீழ் ரிஜால் நூலின் நடையில் இப்படி ஒரு பதிவும் வேண்டும்: ஹன்ஸ் ஆஸ்பெர்கர், வியன்னா, குழந்தை மருத்துவர், மறைவு 1980. கூர்ந்து நோக்குபவர். 1941 ஜூன் 27-ல் ஒரு குழந்தையை ஸ்பீகல்குருண்டுக்கு எழுதிக் கொடுத்தார். குழந்தை செப்டம்பர் 2-ல் இறந்தது. குறை கண்டவர் ஹெர்விக் செக், ஆவணத்தோடு.