தேருக்கு முன்னால் தேங்காய்

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியலில், மலேசியாவின் ஜார்ஜ் டவுன் நகரில் பினாங்கு வீதியிலுள்ள நகரத்தார் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் கிளம்புகிறது. 1894-இல் காரைக்குடியிலிருந்து வந்த தேர். முருகன் கோவில் உள்ள தண்ணீர்மலை போய்ச் சேர ஒரு பகல் முழுக்க ஆகும்.

தாமதத்துக்குக் காரணம் தேங்காய்தான். சாலையோரம் குவியல் குவியலாகக் காத்திருக்கும். குவியலின் உச்சியில் ஊதுவத்தி புகைந்தால் அது பெரும்பாலும் சீனர் வீட்டு நேர்த்திக்கடன். தேர் நெருங்கியதும் சட்டை நனைய நனைய ஓங்கி உடைப்பார்கள். ஓடு சிதறும் ஓசையில் நாதஸ்வரம்கூட ஒரு கணம் காணாமல் போகும். சூறைத்தேங்காய் நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் இத்தனை தாராளத்தை நம் ஊரில் பார்ப்பது அரிது!

தேரோடு நடக்கும் செட்டியார்களின் மயிற்பீலிக் காவடி இதற்கு நேர் எதிர். அலகு இல்லை, ஆரவாரம் இல்லை. தோளில் மரக்காவடி, வாயில் பாட்டு, காலில் மெல்லிய ஆட்டம். அந்த அடக்கமே அழகு.

மறுநாள் பூசம். மலைக்கோயிலுக்கு ஐந்நூற்றுச் சொச்சம் படிகள், உறுமி மேளத்தோடு. 2017 முதல் தங்க ரதம் ஒன்றும் வலம் வருகிறது.

பார்க்கப் போகிறவர்கள் வழுக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர்.