இடுப்புப் பையும் இடைவெளி ஆண்டும்

வேலைக்குப் போகும் பெண் ஓராண்டு விலகி இருப்பதற்கு நம் சமூகம் ஒப்புக்கொள்ளும் காரணங்கள் சிலவே: பிரசவம், குழந்தை வளர்ப்பு, மாமியாரின் உடல்நிலை, கணவரின் இடமாற்றம். எல்லாமே பிறருக்காகச் செய்யும் வேலைகள். ஆனாலும் அவற்றுக்குக் 'கரியர் பிரேக்' என்று பெயர். பன்னிரண்டு ஆண்டுகள் மென்பொருள் துறையில் இருந்த நான், கைப்பை வடிவமைப்பு படிக்க லண்டன் போகிறேன் என்றபோது "பை தைக்கவா?" என்ற சிரிப்பும் "பிள்ளையை யார் பார்ப்பா?" என்ற கேள்வியும் சேர்ந்தே வந்தன.

இரண்டாவது கேள்வியைப் பிரிட்டன் அரசு வேறு விதமாகக் கேட்கிறது. 2024 ஜனவரி முதல், ஆய்வுப் படிப்பில் சேராத பெரும்பாலான முதுகலை மாணவர்கள் துணைவரையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச்செல்ல முடியாது. விதியில் ஆண், பெண் என்ற பேதமில்லை. அதன் பாரம் யார் தலையில் இறங்கும் என்பது நமக்குத் தெரியும். என் மகளை என் அம்மா பார்த்துக்கொண்டார். ஒரு பெண்ணின் படிப்புக்கு இன்னொரு பெண்ணின் ஓராண்டு செலவானது. அந்த ஆண்டுக்குச் சான்றிதழ் கிடையாது.

அங்கே படித்த கைப்பையின் வரலாற்றிலும் இதே கணக்கு ஒளிந்திருந்தது. பாடம் இப்படிச் சொல்லும்: 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலப் பெண்கள் பாவாடைக்கு அடியில், இடுப்பில் நாடாவால் கட்டிய துணிப்பைகளை அணிந்தார்கள், 1790களில் உடல் ஒட்டிய மெல்லிய ஆடைகள் வந்ததும் அவை மறைந்தன, கையில் தொங்கும் 'ரெட்டிக்யூல்' வந்தது, 1955இல் ஷனெல் தன் 2.55 பையில் தோள்சங்கிலி பொருத்திப் பெண்ணின் கைகளை விடுவித்தார்.

அழகான கதை. ஆனால் இது நாகரிகப் படங்களைப் பார்த்து எழுதிய கதை. பார்பரா பர்மனும் அரியான் ஃபெனெடோவும் 2019இல் வெளியிட்ட 'தி பாக்கெட்' என்ற நூல் அதைக் கலைத்துப்போடுகிறது. அருங்காட்சியகங்களில் எஞ்சிய பைகளையும் திருட்டு வழக்குகளின் நீதிமன்றப் பதிவுகளையும் வைத்து, இடுப்புப் பை 19ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்ததை அவர்கள் காட்டுகிறார்கள். படத்தில் தெரியவில்லை என்பதாலேயே அது இல்லாமல் போய்விடவில்லை. 1882ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் வரும்வரை, மணமான ஆங்கிலப் பெண்ணின் உடைமைகள் பெரும்பாலும் கணவனுடையவையாகவே கருதப்பட்டன. அப்படிப்பட்டவளுக்குத் தன் உடலோடு கட்டிக்கொண்ட பை எவ்வளவு பெரிய இடம்! நம் பாட்டிகளின் சுருக்குப்பையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெற்றிலை பாக்கோடு சில்லறையும் இருந்த அதற்குள் தாத்தா கூட கைவிட மாட்டார்.

இப்போது அந்த விடுதலைக் கதையைத் திரும்பப் படியுங்கள். இடுப்பில் பை கட்டியிருந்தவளின் இரண்டு கைகளும் ஏற்கெனவே சும்மாதான் இருந்தன. உடையிலிருந்து பையைப் பிரித்துக் கையில் கொடுத்த நாகரிகமே, பிறகு அதைத் தோளில் மாட்டி விடுதலை என்று விற்றது. இன்றும் சுடிதாருக்குப் பாக்கெட் வைக்கச் சொன்னால் தையல்காரர் "எதுக்கும்மா?" என்கிறார். எடுத்துக்கொண்டதைச் சலுகையாகத் திருப்பித் தரும் இந்த வழக்கம் பெண்ணின் நேரத்துக்கும் பொருந்தும். அவளுக்கே உரிய ஓராண்டை அவள் விடுப்பாக விண்ணப்பித்து, திரும்பி வந்ததும் நேர்முகத் தேர்வில் 'இடைவெளி' என்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

"பை தைக்கவா?" என்ற சிரிப்பையும் விட்டுவிட முடியாது. அதில் சாதி இருக்கிறது. தோலைத் தொட்ட கைகளை ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. தோலின் விளிம்பைச் சீவி மெலிதாக்கவும், ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து எதிரெதிராகத் தைக்கவும் வகுப்பில் கற்றேன். அங்கே அதற்குக் கைவினைத்திறன் என்று பெயர். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஐரோப்பியச் சந்தைக்கான காலணிகளைத் தைக்கும் பெண்களுக்கோ, தோல் வேலை கூலியாகவே கணக்கிடப்படுகிறது. நான் வெளிநாட்டுச் சான்றிதழோடு அதே தோலைத் தொட்டால் வடிவமைப்பாளர். அவர்களுடைய பெயர் அவர்கள் தைத்த பொருளில் எங்கும் இல்லை.

ஆகவே ஒரு பையை மதிப்பிட வடிவம், நிறம், தோலின் தரம் ஆகியவை போதாது. அதைச் சுமப்பவள் தனக்கென்று எதை அதற்குள் வைத்துக்கொள்ள முடிகிறது, அதைத் தைத்தவள் என்ன பெற்றாள் என்பதையும் வடிவமைப்பு வகுப்பு கேட்க வேண்டும். வெளிநாடு சென்று படிக்க நினைக்கும் தோழிகளிடம் நான் சொல்வதும் இதுதான்: போங்கள், காரணம் கேட்பவர்களுக்கு "எனக்குப் பிடித்திருக்கிறது" என்று மட்டும் சொல்லுங்கள். உங்களுக்காக வீட்டில் யார் தங்குகிறார் என்பதை மட்டும் கணக்கில் எழுதிவையுங்கள். அடுத்த ஆண்டு அவருடையதாக இருக்கட்டும்.