வண்டல் தங்க ஒரு தொட்டி

அப்பாஸியர் காலத்து பாக்தாத் என்றதும் முத்தும் அம்பரும்தான் முதலில் கண்முன் வரும். கலீஃபா ஹாரூன் அல் ரஷீதின் மனைவி சுபைதாவின் வாழ்வில் அவற்றுக்குக் குறைவே இல்லை. பொன் பாத்திரங்கள், அம்பர் மெழுகுவர்த்தி, மணிகள் பதித்த காலணி என்று பெரிய இடத்துப் பெண்கள் பின்பற்றிய பல பாணிகள் அவரிடமிருந்தே தொடங்கின என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் மஸ்ஊதி. என்றாலும், அந்த அரசியின் அருமை தெரிய வேண்டுமானால் அரண்மனையை விட்டுப் பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு குளக்கரையில் நின்று பார்க்க வேண்டும்.

பிறப்பிலேயே அரச குடும்பம் அவருடையது. பாக்தாதை நிறுவிய கலீஃபா அல் மன்சூருக்கு அவரும் பேத்தி, ஹாரூனும் பேரன். 786இல் ஹாரூன் கலீஃபா ஆனார். அடுத்த ஆண்டு சுபைதாவுக்கு அல் அமீன் பிறந்தான். ஹாரூனின் அந்தப்புரத்தில் மனைவியரும் அடிமைப் பெண்களும் பலர் இருந்தும், தாய் வழியிலும் தந்தை வழியிலும் ஹாஷிம் குலத்து வாரிசைத் தந்தவர் என்ற தனி மதிப்பு சுபைதாவுக்கு இருந்தது. அவருடைய மாளிகையில் நூறு பணிப்பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்தார்களாம். அவர்கள் ஓதும் ஒலி தேன்கூட்டின் ரீங்காரம்போல் வெளியே கேட்கும் என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் குறித்து வைத்திருக்கிறார். எத்தனை மாடங்கள், எத்தனை தூண்கள் என்று எண்ணிச் சொல்வதைவிட, அந்த ரீங்காரம் அந்த மாளிகையை நமக்கு நன்றாகக் காட்டிவிடுகிறது.

இனி குளத்துக்கு வருவோம். கூஃபாவிலிருந்து மக்காவுக்கு ஹஜ் பயணிகள் போகும் பாதை 1,200 கிலோமீட்டருக்கும் அதிகம். முன்னைய கலீஃபாக்களும் அதில் மைல்கற்கள் நாட்டியிருந்தார்கள், தங்குமிடங்கள் அமைத்திருந்தார்கள். ஆனால் கிணறும் குளமும் சத்திரமுமாக அதை வளப்படுத்தியவர் சுபைதா. அதனால்தான் இன்றைக்கும் அது சுபைதா பாதை என்றே வழங்குகிறது.

மதீனாவுக்குக் கிழக்கே, இந்தப் பாதையில் அர்ரபதா என்ற ஊர் இருந்தது. அங்கே 60 மீட்டருக்கும் அதிக விட்டத்தில் வட்டமான ஒரு குளம் இன்னும் நிற்கிறது. நீரின் அழுத்தத்தைச் சுவர் சமமாகத் தாங்க வட்ட வடிவம் உதவும். அதைவிட என் மனத்தைக் கவர்வது குளத்தை ஒட்டியுள்ள நீள்சதுரத் தொட்டி. பாலைவனத்தில் மழை எப்போதாவதுதான் பெய்யும். பெய்தால் காட்டாறாக மணலை வாரிக்கொண்டு வரும். அந்தச் செங்கலங்கல் நேராகக் குளத்தில் விழாது. முதலில் தொட்டியில் நின்று, மணலும் வண்டலும் அடியில் தங்கிய பிறகு, தெளிந்த நீர் மட்டும் குளத்துக்குப் போகும். குளமும் தூர்ந்து போகாது, குடிப்பவர் வாயிலும் மணல் கடிபடாது. தண்ணீர் கொடுப்பது தர்மம். அதைத் தெளியவைத்துக் கொடுப்பதில் பக்குவமும் இருக்கிறது. பெயர் தெரியாத பயணி ஒருவரின் ஒரு மிடறு நீருக்காக இவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

மக்காவில் அவர் செய்தது இன்னும் பெரிது. அங்கே ஒரு தோல்பை தண்ணீர் ஒரு தீனாருக்கு விற்ற காலம் அது. ஹுனைன் பக்கமிருந்தும் நுஃமான் பள்ளத்தாக்கிலிருந்தும் மலையடிவாரம் வழியாக அவர் கல்வாய்க்கால் வெட்டுவித்தார். நீர் தானாகவே ஓட, வாட்டம் சிறிதும் பிசகாமல் மலையின் வளைவை ஒட்டியே அதைக் கட்டினார்கள். செலவைக் கண்டு காரியஸ்தர் கலங்கியபோது, கோடரி வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு தீனார் ஆனாலும் வேலை நிற்கக் கூடாது என்று சொன்னாராம் சுபைதா. மொத்தச் செலவு 17 லட்சம் தீனார் என்பது மஸ்ஊதி தரும் கணக்கு.

பிறகு காலம் திரும்பியது. ஹாரூன் 809இல் காலமானார். மாற்றாள் மகன் அல் மஃமூனோடு மூண்ட போரில் 813இல் அமீன் கொல்லப்பட்டான். மகனைப் பறிகொடுத்த தாய் அந்த மஃமூனின் ஆட்சியிலேயே வாழ வேண்டியதாயிற்று. 825இன் இறுதியில் மஃமூனுக்கும் பூரானுக்கும் நடந்த திருமண விழாவில் சுபைதாவும் இருந்தார். வரலாற்றாசிரியர் தபரியின் நூலில் நான் மிகவும் ரசிப்பது அந்த இரவைத்தான். மணப்பெண்ணின் பாட்டி பொன் தட்டிலிருந்து ஆயிரம் முத்துகளைச் சொரிகிறார். மஃமூன் அவற்றைத் திரட்டச் சொல்லி, பூரானின் மடியில் இட்டு, வேண்டியதைக் கேள் என்கிறார். பெண் வாய் திறக்கவில்லை. பாட்டி தூண்டிய பிறகு இரண்டே வேண்டுகோள்கள் வருகின்றன: மஃமூனை எதிர்த்துக் கலகம் செய்த இப்ராஹீமை மன்னிக்க வேண்டும், சுபைதா ஹஜ்ஜுக்குப் போக அனுமதி தர வேண்டும். இரண்டும் கிடைத்தன. உமையா வம்சத்திலிருந்து வந்த கையில்லாத மேலாடை ஒன்றைச் சுபைதா அந்தப் பெண்ணுக்கு அணிவித்தார்.

ஊரார் நடக்கப் பாதை போட்டுக் கொடுத்தவருக்கு, அதில் நடக்க இன்னொருவர் அனுமதி தேவைப்பட்டது. அரசியரின் வாழ்வு எதைச் சார்ந்து நின்றது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. அதே சமயம், ஒரு பெண்ணின் மனத்தை இன்னொரு பெண் அறிந்திருந்தாள் என்பதும் இதில் விளங்குகிறது.

சுபைதா 831இல் பாக்தாதில் மறைந்தார். மூன்றரை நூற்றாண்டுக்குப் பின் 1184இல் சுபைதா பாதை வழியே வந்த ஆந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர், அவருடைய குளங்களும் கிணறுகளும் இல்லாவிட்டால் இந்தப் பாதையில் யாராலும் பயணம் செய்ய முடியாது என்று நன்றியோடு பதிவு செய்தார். 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா தன் பொருளைக் கொடுத்து மக்கா வாய்க்காலைப் புதுப்பித்தார்.

சுபைதாவின் நகைகளைப் பற்றிப் படிப்பவர்கள், அர்ரபதா குளத்தின் படத்தையும் ஒருமுறை தேடிப் பாருங்கள். பெரிய வட்டத்தைப் பார்த்ததோடு நிறுத்திவிடாமல், பக்கத்துத் தொட்டியையும் பாருங்கள். அந்த அரசியின் புகழுக்கு அதுவே போதும்.